பிளஸ் டூவிலிருந்து கல்லூரி வரை: குமரி மாவட்டத்தின் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலோரத்தில் உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியில் பல வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மே மாதம் முடிவு வரும் அன்று எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆகஸ்டில் விசாரித்தால் நான்கைந்து பேரைக் காணோம். ஒருத்தி நாகர்கோவிலில் துணிக்கடையில் நிற்கிறாள். ஒருவன் சித்தப்பாவோடு வள்ளத்தில் போய்விட்டான். மார்க் குறைந்ததால் நின்றவர்கள் இவர்களில் மிகக் குறைவு. சான்றிதழில் பெயர் ஒத்துவரவில்லை, வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தது, சேருகிற நாளில் கையில் பணமில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. படிப்பை நிறுத்தியவை இவைதான்.

பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோடு உடைக்கிற அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-ல் வந்துவிட்ட ஊர் இது. ஆசைக்குக் குறைவில்லை, வழிதான் தெரியவில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்றையும் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடலாம்.

முதல் படி: பிள்ளை படித்தது எந்த வகைப் பள்ளி?

எல்லா உதவிகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன. நம் மாவட்டத்தில் குழப்பம் அதிகமாவதும் இங்கேதான். சபைகளும் சமுதாய அமைப்புகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இங்கே ஏராளம். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அதனால் பெற்றோர் அதை அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். சேர்க்கை விதிகளில் இரண்டும் வேறு வேறு.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்வார்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. கலந்தாய்வு நாளில் இதைக் கேட்டு அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் அந்த அழுகை இல்லை. உங்கள் இளைய பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தால் இதையும் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நல்ல பள்ளி ஒன்றை விட்டு ஓட வேண்டும் என்று சொல்லவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள் இரண்டு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டிலுமே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. மாணவிகளுக்கு அந்த விரிவாக்கம் 2024 டிசம்பர் இறுதியில்தான் வந்தது. முன்பு 'உனக்கு இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட அக்காவின் கதையைக் கேட்டுத் தங்கை விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. உதவிபெறும் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் படித்தவர்களுக்கு இது இல்லை. பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. தொலைதூரக் கல்விக்கு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் தனியாக வரும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி, எந்த வழி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்குங்கள். எல்லையோரக் குடும்பங்களில் பிள்ளை சில வருடம் பாறசாலைப் பக்கம் கேரளப் பள்ளியில் படித்திருக்கலாம். அப்படியானால் இருப்பிடச் சான்றும் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: பெயரையும் சான்றிதழையும் நேராக்குவது

இதில்தான் அதிக நேரம் செலவாகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வகுப்பில் படித்த ஒரு பெண். அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் சவரியார் அடிமை, ஆதாரில் சேவியர். இரண்டும் ஒரே புனிதரின் பெயர்தான், ஊரில் யாருக்கும் அதில் குழப்பமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று 'எஸ்' என்று தொடங்குகிறது, மற்றது 'எக்ஸ்'. மதிப்பெண் பட்டியலில் அவளுடைய இனிஷியல் எஸ், ஆதாரில் எக்ஸ். கம்ப்யூட்டர் இரண்டு வேறு ஆட்கள் என்று சொல்லிவிட்டது. அம்மா மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் எல்லாக் காகிதமும் இருந்தது, ஒன்றோடு ஒன்று பொருந்தத்தான் இல்லை. திருத்தி முடிப்பதற்குள் அவள் கேட்ட பாடப்பிரிவு நிரம்பிவிட்டது.

இதற்கு நான் கண்ட வழி இதுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி எதுவோ அதற்கேற்ப ஆதாரை மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைத் திருத்துவது எளிது. ஆனால் ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. ஒரே தடவையில் சரியாகச் செய்யுங்கள். பிள்ளை இன்னும் பத்தாம் வகுப்பு எழுதவில்லையென்றால் இன்னும் நல்லது. பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் பள்ளியில் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்று பிள்ளை மட்டும் பார்த்தால் போதாது, பெற்றோரும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து வருவாய்த் துறைச் சான்றுகள். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் நூறு, இருநூறு கேட்டால் ரசீது கேளுங்கள்.

சாதிச் சான்றில் யார் கையெழுத்திடுகிறார் என்பது பிரிவைப் பொறுத்தது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர். பட்டியல் இனத்தவருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அளவிலான அதிகாரி. நம் மலையோரக் காணிக்காரப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி வகை. நேரில் விசாரணை நடக்கும், நாளாகும். பேச்சிப்பாறை போன்ற மலைப் பகுதிகள் பத்மநாபபுரம் கோட்டத்தில் வருகின்றன. பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பழங்குடியினருக்கு மாநிலம் முழுவதும் ஒரு சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறது. சான்று இல்லாமல் அந்த இடத்தைக் கேட்க முடியாது.

பட்டியல் இனத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் இங்கே நிறைய. சேர்க்கையில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருவார்கள். ஆனால் ஆதிதிராவிடர் நலத் துறையின் உயர்கல்வி உதவித்தொகையை மாநில அரசு அவர்களுக்கும் தருகிறது. சேர்க்கைக்கு ஒரு பிரிவு, உதவித்தொகைக்கு வேறு துறை என்று குழம்பிப் பலர் உதவித்தொகையைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். ஏப்ரல் கடைசியில் எடுத்தால் சேர்க்கை, உதவித்தொகை, விடுதி மூன்றுக்கும் அதுவே போதும்.

முதல் பட்டதாரிச் சான்று வீட்டில் யாரும் பட்டம் பெறாதவர்களுக்கு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாரையும் கணக்கெடுப்பார்கள். அக்கா இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு மறுபடி கிடையாது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குத்தான் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுப் பிறகு இந்தச் சான்றைக் கொண்டுபோனால் பயனில்லை.

இன்னொன்று, இது நம் கடற்கரைக்கே உரியது. விண்ணப்பம் போடும்போது கைபேசிக்கு ஓடிபி வரும். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடித்துவிட்டுத்தான் கரை திரும்புவார்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஓடிபி நடுக்கடலில்தான் ஒலிக்கும், அதுவும் ஒலிக்காது. வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆதாரிலும் விண்ணப்பத்திலும் அம்மாவின் எண்ணையோ பிள்ளையின் எண்ணையோ கொடுங்கள். படிப்பு முடியும்வரை அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

மூன்றாம் படி: பிள்ளையின் பெயரில் ஓடுகிற ஒரு வங்கிக் கணக்கு

பள்ளியில் சேர்த்துக் கொடுத்த கணக்கு பலரிடம் இருக்கும். வருடக்கணக்கில் பணம் போடாமல் எடுக்காமல் முடங்கியிருக்கும். அரசின் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் வரும். ஆகவே வங்கியில் 'ஆதார் இணைத்தாயிற்றா' என்று மட்டும் கேட்காதீர்கள், 'அரசு உதவித்தொகை நேரடியாக வரும்படி என்பிசிஐ இணைப்பு ஆகியிருக்கிறதா' என்று கேளுங்கள். இரண்டும் வேறு. என்பிசிஐ என்பது வங்கிகளுக்கு இடையே பணத்தை அனுப்பிவைக்கும் தேசிய அமைப்பு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வங்கியில் இழுத்தடித்தால் தபால் அலுவலகத்தில் அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்கலாம்.

நான்காம் படி: எங்கே, எப்படி விண்ணப்பிப்பது

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம்தான், டிஎன்ஜிஏஎஸ்ஏ. நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசுக் கல்லூரிக்கும் அதில்தான். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்தும் செலவு மிகக் குறைவு, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டு ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும். பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றையும் விருப்பத்தில் சேர்த்து வைப்பது நல்லது.

உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாகர்கோவிலில் ஸ்காட், தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா எனப் பல இருக்கின்றன. இங்கே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: 'இந்தப் பாடப்பிரிவு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?' ஒரே வளாகம், ஒரே வகுப்பறை வரிசை, கட்டணம் மட்டும் வேறு. கல்லூரியின் பெயரை நம்பிச் சேர்ந்துவிட்டு இரண்டாவது பருவத்தில் கட்ட முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எல்லாரும் ஓடும் பாடங்கள் பல இடங்களில் சுயநிதியில்தான் இருக்கும். அந்தக் கட்டணத்துக்கு வழியில்லையென்றால் உதவிபெறும் பிரிவில் கணிதமோ பொருளாதாரமோ தமிழோ எடுத்துப் படிப்பது தோல்வியல்ல. கடன் இல்லாமல் பட்டம் வாங்கலாம்.

பொறியியலுக்குத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு. கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் மாவட்டத்தில் இருக்கும் உதவி மையத்துக்குப் போங்கள், விண்ணப்பத்தை இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள். கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வர முடிந்தால் விருப்பப் பட்டியலில் அதை மேலே வையுங்கள்.

மார்க் குறைவு என்றால் பாலிடெக்னிக், ஐடிஐ. கோணத்தில் இரண்டும் அரசு நிறுவனங்களாகவே உண்டு. பாலிடெக்னிக் முடித்துப் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சேரும்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. வாங்கிப் பூட்டி வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. வேறு நல்ல இடம் கிடைத்து விலகினாலும், எத்தனை நாளுக்குள் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணம்

சேர்க்கை நடப்பது ஜூன், ஜூலையில். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மலையோரத்தில் அதே நாட்களில் மழை, பால் வெட்டு நடக்காது. நம் வீடுகளில் பணம் மிகக் குறைவாக இருக்கும் இரண்டு மாதங்களில்தான் கல்லூரி பணம் கேட்கிறது. உதவித்தொகையோ பல மாதம் கழித்துத்தான் வரும். நான் பார்த்த பிள்ளைகள் விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே இரண்டு கணக்கு போடுங்கள். முதல் கணக்கு, சேரும் நாளிலிருந்து தீபாவளி வரை: முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு ஜோடி நல்ல உடுப்பு, நோட்டு, ரெக்கார்டு, பஸ், மதியச் சாப்பாடு. இதற்கு உதவித்தொகையை நம்பக் கூடாது. பிளஸ் டூ தொடங்கும்போதே வாரம் கொஞ்சமாகச் சேருங்கள். போதாவிட்டால் கல்லூரி முதல்வருக்குத் தவணை கேட்டுக் கடிதம் எழுதுங்கள். கேட்பது அவமானமில்லை, எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. கோயில் பங்குப் பேரவை (கத்தோலிக்கப் பங்கு மக்களின் குழு), ஊர்ச் சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு, மகளிர் குழு இவர்களிடம் ஜூனுக்கு முன்பே பேசி வையுங்கள். வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் கடன்காரர்களிடம் இதற்காகப் போகாதீர்கள்.

இரண்டாவது கணக்கு, அரசிடமிருந்து வரக்கூடியவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள். பட்டியல் இனப் பிள்ளைகளுக்குக் கட்டணத்துக்கான தொகையும் மாணவர் கணக்கிலேயே வந்து விழும். அது வீட்டுப் பணமல்ல, கல்லூரிக்குக் கட்ட வேண்டியது. ஒரு வீட்டில் அதை எடுத்துக் கூரை மாற்றினார்கள், தேர்வு நேரத்தில் பிள்ளை ஹால் டிக்கெட்டுக்கு நின்றான். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் அவரவர் துறையின் உதவித்தொகை உண்டு. இவற்றுக்கும் மாதம் ஆயிரத்துக்கும் கல்லூரி வழியாக, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் யூமிஸ் தளத்தில் விவரம் ஏற வேண்டும். பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்) எழுதிக் கொண்டுபோய்க் கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சேர்ந்த முதல் வாரமே பாருங்கள்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில், பிளஸ் டூவில் மிக நல்ல மார்க் எடுத்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருடம் 12,000 ரூபாய் உண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்த மாணவிகளுக்குப் பிரகதி, மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்களுக்கு ஸ்வநாத், மூன்றிலும் வருடம் 50,000. பிரகதிக்கு வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. நம் பெண்களில் பலர் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை.

அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர், மீனவர் அல்லது வேறு நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளையின் படிப்புக்கு வருடாந்திர உதவி உண்டு. அட்டை காலாவதியாகியிருந்தால் இப்போதே புதுப்பியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் குறைந்தால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. வித்யாலட்சுமி தளத்தில் பதிந்துவிட்டு வங்கிக்குப் போங்கள். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

ஆறாம் படி: தங்குமிடமும் பயணமும்

மலையோர ஆறுகாணியிலிருந்து தினமும் நாகர்கோவில் போய்வருவது பிள்ளையின் பாதி நாளைத் தின்றுவிடும். அரசின் சமூகநீதி விடுதிகளில் உணவும் இடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் வேண்டும். அந்தத் தூர விதி மாணவிகளுக்கு இல்லை. கல்லூரி சேர்ந்த உடனேயே விண்ணப்பியுங்கள், ஆகஸ்டில் போனால் இடம் இருக்காது. போய்வரும் மாணவிகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை.

ஏழாம் படி: முதல் பருவம்

சேர்த்துவிட்டோம் என்று மூச்சு விடுகிற நேரம் இதுதான், ஆனால் நவம்பரில் நிற்கிறவர்களும் உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் மாதம் ஆங்கில வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் சொல்லாது. 'எனக்குப் படிப்பு வரல சார்' என்று ஒரு பையன் என்னிடம் வந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தால் பாடம் எல்லாம் அவனுக்குத் தெரிந்தது, வார்த்தைதான் தெரியவில்லை. பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சொல்பட்டியல் எழுதினோம். ஆறு வாரத்தில் பயம் போயிற்று. பல்கலைக்கழகத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகை 75 சதவீதம் வேண்டும். ஞாயிறு, விடுமுறை வேலைக்குப் போகலாம், கல்லூரி நாளில் கல்யாண மண்டப வேலைக்குப் போனால் தேர்வே எழுத முடியாமல் போகும். உதவித்தொகையை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றும் புதிதாக வேண்டும்.

எட்டாம் படி: தவறவிட்டவர்களுக்கு

பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் உடனடித் துணைத் தேர்வு ஜூன், ஜூலையிலேயே வருகிறது. எழுதி முடித்து அதே வருடம் கல்லூரியில் சேரலாம். முடிவு வந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள். சேர்க்கை முடிந்த பிறகும் எங்கும் சேராத பிள்ளைகளுக்காக நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம் மாவட்டத்தில் நடக்கும். கல்லூரிகள், பாலிடெக்னிக், ஐடிஐ, வங்கிகள் எல்லாம் ஓரிடத்தில் வரும், காலி இடங்களில் அன்றே சேர்த்துவிடவும் முடியும். தேதியைப் பழைய பள்ளியிலேயே கேட்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் வழி சொல்வார்கள்.

சவரியார் அடிமையின் மகள் அந்த வருடம் தான் கேட்ட பாடத்தில் சேரவில்லை. காலியாக இருந்த வேறொரு பாடத்தில், உதவிபெறும் பிரிவில், கடைசி வாரத்தில் சேர்ந்தாள். இப்போது அவள் தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். போன வாரம் பள்ளியில் பெயர்ப்பட்டியல் கையெழுத்துக்கு வந்தபோது, தங்கையின் இனிஷியலைப் பார்க்க அக்காதான் வந்தாள்.